வாக்கிங் போக கார் எதுக்கு சார்?

கொஞ்சம் சூடா இருக்கேன். பதிவும் சூடாத்தான் இருக்கும். பி.பி. இருக்கறவங்க மாத்திரை போட்டுட்டு வந்து படிங்க.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணி. கையில் பால் பாக்கெட், கீரைக்கட்டு சகிதம் லஸ் சர்ச் ரோட்டில் நாகேஸ்வர ராவ் பார்க் பக்கமா நடந்து வந்துகிட்டிருந்தேன். நடைபாதை மேல ஏறி வரிசையா கார் நிக்குது. இது என்ன புதுசா? வழக்கம்போல ரோட்டில் இறங்கினேன். பின்னாடியிருந்து வந்த பைக் முழங்கையை உரசிக்கிட்டு போச்சு. ஓட்டினவர் திரும்பிப் பார்த்து "வூட்ல சொல்ட்டு வந்துட்டியா?"ன்னு மெட்ராஸின் தேசிய கீதத்தைப் பாடிட்டுப் போனார். பால் தப்பிச்சது. கீரைக்கட்டு ரோட்டுக்குப் போச்சு.

அதைப் பொறுக்கிக்கிட்டு நிமிர்ந்தா, நடைபாதையில் நின்ன காரின் கதவு திறந்து இறங்கறார் எங்க ஃப்ளாட்ஸ் இரண்டாவது மாடி மாமா. வெள்ளை ஷூ, கையில் அடி எண்ணுகிற வாட்ச், தலையில் தொப்பி. எங்க வீட்டிலிருந்து பார்க் 650 மீட்டர். நான் அளந்திருக்கேன். இந்த 650 மீட்டரைக் காரில் கடந்து, காரை நடைபாதையில் ஏத்தி நிறுத்திட்டு, உள்ளே போய் வட்டமா நாலு கிலோமீட்டர் நடந்துட்டு, திரும்ப 650 மீட்டர் காரில் வருவார். தினமும்.

அது அவர் இஷ்டம்னு விட்டிருப்பேன். அவர் விடலை. "என்னப்பா, அப்பாவையும் கூட்டிண்டு வரப்படாதோ? நாலு ரவுண்டு நடந்தா எல்லாம் சரியாப் போயிடும். எல்லாம் வில் பவர்தான்!"

வில் பவராம்! வீட்டுக்கு வந்து கீரையைக் கழுவும்போதுகூட அந்த வார்த்தை காதுலேயே நின்னுது. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

அப்பா கதையைச் சொல்லணும். வயசு 74. 2019-ல் ஒரு நாள் சாயந்திரம் "நெஞ்சு கரிக்குது"ன்னார். மயிலாப்பூரில் நெஞ்சு கரிச்சா அது கேஸ்தான், வேற எதுவாவும் இருக்க அனுமதியே கிடையாது. அம்மா பெருங்காயம் போட்ட மோர் கொடுத்தாங்க. நான், படிச்ச முட்டாள், ஓடிப்போய் ஜெலுசில் வாங்கிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சோடா சிபாரிசு பண்ணினார். இப்படியே மூணரை மணி நேரம். அப்புறம் சட்டை நனையற அளவுக்கு வேர்த்து, இடது தோள் வலிக்குதுன்னு சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரி. ஒரு ஸ்டெண்ட். பிழைச்சார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா தசை இவ்வளவு பாதிச்சிருக்காது"ன்னு டாக்டர் சொன்னது இன்னிக்கும் எனக்கு ஜெலுசில் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வரும். (உங்க வீட்டில் யாருக்காவது இப்படி வந்தா மோர் வேண்டாம், சோடா வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்க. 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸா 14 மாத்திரை தர்றாங்க: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின். அதைக் கொடுத்துட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. எங்களுக்கு அப்ப அது இல்லை. புத்தியும் இல்லை.)

டிஸ்சார்ஜ் பண்ணும்போது டாக்டர் சொன்னது: மாத்திரையை நிறுத்தாதீங்க, உப்பைக் குறைங்க, தினமும் அரை மணி நடங்க. அப்பா ரிட்டயர் ஆன அரசாங்க ஊழியர். ஜி.ஓ. வந்தா வந்ததுதான். விடியற்காலை அஞ்சரைக்குக் கிளம்பி, கபாலி குளத்தைச் சுத்தி மாட வீதிகளில் ரெண்டு சுத்து. மழையானாலும் குடையோட. இரண்டு வருஷத்துக்கு மேல ஒரு நாள் தவறவில்லை. எடை குறைஞ்சது, பி.பி. 130-க்கு 80-ல் நின்னது. அந்த வேளையில் குளத்தைச் சுத்தி இருக்கற பூக்காரங்க, பேப்பர் போடற பையன்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவருக்கு அது வாக்கிங் இல்லை, ஆபீஸ்.

அப்புறம் ஒரு மார்கழி காலை. வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி, நடைபாதைக் கல் ஒண்ணு பெயர்ந்து கிடந்திருக்கு. யாரோ எதுக்கோ தோண்டி, யாரோ மூடாம விட்டது. இருட்டு. கால் உள்ளே போயிடுச்சு. மணிக்கட்டு எலும்பு முறிவு, முழங்கால் சில்லில் விரிசல். ஆறு வாரம் கட்டு.

கட்டுப் பிரிச்ச பிறகு அப்பா வெளியே நடக்கலை. நடக்க முடியாம இல்லை, பயம். ஹால் சுவரிலிருந்து பால்கனி கதவு வரைக்கும் 14 அடி வைப்பார், திரும்புவார், 14 அடி. கூண்டுப் புலி மாதிரின்னு எழுதத் தோணுது, ஆனா புலிக்கு இவ்வளவு சோகமான முகம் கிடையாது. நாலாவது நாள் அதுவும் அலுத்துப்போச்சு. ஆறு கிலோ ஏறினார். பி.பி. 150-ஐத் தாண்டி, மாத்திரை ஒண்ணு கூடிச்சு. இந்த மனுஷனுக்குத்தான் வில் பவர் இல்லைங்கறார், 650 மீட்டர் காரில் வந்தவர்!

*

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், அப்புறம் பின்னூட்டத்தில் "அப்ப வாக்கிங் வேண்டாங்கறியா"ன்னு கும்மாதீங்க. இதயத்துக்கு நல்லதுன்னு டாக்டர்கள் சொல்ற எதையும் நான் மறுக்கலை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேர்க்க நடக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது மொத்தமா ஒரு டீஸ்பூன். புகையிலை எந்த ரூபத்திலும் கூடாது. சுகர், பி.பி. அப்பப்ப பார்க்கணும். தூங்கணும். எல்லாம் சரி. 2004-ல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் பார்த்துட்டு, முதல் மாரடைப்புக்கான காரணத்தில் 90 சதவீதம் வெறும் ஒன்பது விஷயத்துக்குள்ள அடங்கிடுதுன்னு சொல்லிச்சு. ஒன்பதும் மாத்தக்கூடியவை. அதே ஆய்வில் இன்னொண்ணு: தெற்காசியாக்காரனுக்கு முதல் மாரடைப்பு சராசரியா 53 வயசில், மத்தவங்களுக்கு கிட்டத்தட்ட 59-ல். ஆறு வருஷம் முன்னாடியே நமக்கு ரிசர்வேஷன் கன்ஃபர்ம்.

என் சண்டை எதோடன்னா, இந்த நல்ல பழக்கமெல்லாம் ஏதோ குணம், ஒழுக்கம், பரம்பரைச் சொத்து மாதிரி பேசறதோட. "நான் நடக்கிறேன், ஆகவே நான் உசத்தி. நீ நடக்கலை, ஆகவே நீ சோம்பேறி." பார்க் வாசலில் கொள்ளு சூப்பும் அருகம்புல் ஜூஸும் குடிச்சுக்கிட்டே இந்த வேதாந்தம். வாட்ஸப்பில் தினம் காலை ரோஜாப்பூ படத்தோட இதே வேதாந்தம். பழக்கம்ங்கறது ஆளுக்குள்ள மட்டும் இல்லை சார், தெருவிலேயும் இருக்கு.

லண்டன் பஸ் கதை தெரியுமோ? தெரிஞ்சவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க. ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர். லண்டன் மாடி பஸ், டிராம், ரயில் ஊழியர்கள் சுமார் 31 ஆயிரம் ஆண்களை ஆராய்ந்தார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே வர்க்கம், ஒரே மாதிரி சம்பளம், ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி சாப்பாடு. ஆனா டிரைவர்களுக்கு இதய நோய் கண்டக்டர்களைவிட ரொம்ப அதிகம். ஏன்? டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கார். கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கறார். 1953-ல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை எண்களோட பேசின ஆரம்பகால ஆய்வு அது. மோரிஸ் நேர்மையான ஆள். அப்புறம் அவரே பஸ்காரர்களின் யூனிஃபார்ம் பேண்ட் அளவுகளை வாங்கிப் பார்த்து, டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு பெருசாத்தான் இருந்திருக்காங்கன்னு 1956-ல் எழுதினார். ஆக, வித்தியாசம் முழுக்கப் படிக்கட்டாலன்னு சொல்ல முடியாது. ஆனா உடல் அசைஞ்சா இதயத்துக்கு நல்லதுன்னு அதுக்கப்புறம் வந்த எத்தனையோ ஆய்வுகள் சொல்லிடுச்சு. மோரிஸ் தானும் 99 வயசு வரைக்கும் இருந்து 2009-ல்தான் போனார்.

நான் சொல்ல வந்தது வேற. அந்த லண்டன் கண்டக்டருக்கு வில் பவர் இருந்துதா? காலைல எழுந்து "இன்னிக்கு 600 படி ஏறுவேன்"னு சங்கல்பம் பண்ணிக்கிட்டாரா? இல்லை. பஸ்ஸுக்கு மாடி இருந்தது, ஏறினார். அவ்வளவுதான். (நம்ம ஊர் கண்டக்டரை இந்த ஆய்வில் சேர்த்திருந்தா மோரிஸ் குழம்பிப் போயிருப்பார். இவர் பின் சீட்டில் உட்கார்ந்துக்குவார், காசு பத்து கை மாறி அவர்கிட்ட போகும், டிக்கெட் பத்து கை மாறி நம்மகிட்ட வரும். உடற்பயிற்சி பூரா பயணிகளுக்கு.)

லண்டன் எதுக்கு, நம்ம தி.நகருக்கே வருவோம். இதயம், சர்க்கரை பற்றி இந்த ஊரில் நடந்த ஒரு முக்கியமான ஆய்வு சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு. டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990-களின் பின்பாதியில் ஆரம்பிச்சது. இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கிட்டாங்க. ஒண்ணு திருமங்கலம் பக்கம், நடுத்தர வருமானக்காரர்கள். இன்னொண்ணு தி.நகரில், குறைஞ்ச வருமானக்காரர்கள். மொத்தம் 1262 பேர். அப்ப நடுத்தரவர்க்கத்தில் சர்க்கரை நோய் 12.4 சதவீதம், தி.நகர் ஏழைகள் மத்தியில் 6.5 சதவீதம். ஏறக்குறைய பாதி. "உழைக்கறவங்களுக்கு இதெல்லாம் வராது"ன்னு நாம சொல்வோம் பாருங்க, அன்னிக்கு அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

ஆய்வுக் குழு ஊசி குத்தி ரத்தம் எடுத்துட்டுப் போயிடலை. மக்களைக் கூட்டி வெச்சு நடைப்பயிற்சி, சாப்பாடு பத்தியெல்லாம் பேசினாங்க. திருமங்கலம் ஏஷியாட் காலனிக்காரங்க அதைக் கேட்டுட்டு என்ன பண்ணினாங்க தெரியுமா? சொந்தக் காசு போட்டு ஒரு பார்க் கட்டிட்டாங்க. நடக்கப் பாதையோட. இந்த விவரம் 2006-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியாச்சு. வாரத்துக்கு மூணு நாளுக்கு மேல் ஏதாவது உடற்பயிற்சி செய்யறவங்க அங்கே முன்னாடி 14.2 சதவீதம். பார்க் வந்த பிறகு 58.7 சதவீதம். நாலு மடங்கு! ராத்திரியோட ராத்திரியா ஒரு காலனிக்கே வில் பவர் சுரந்துடுச்சா? கிடையாது. அவங்க நடக்க ஒரு இடம் செஞ்சாங்க, நடந்தாங்க.

பத்து வருஷம் கழிச்சு அதே இரண்டு இடத்துக்கும் திரும்பப் போய்ப் பார்த்தாங்க. 2011-ல் வந்த அந்தக் கட்டுரையைப் படிச்சப்பத்தான் எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. திருமங்கலத்தில் சர்க்கரை நோய் 12.4-லிருந்து 15.4. கூடியிருக்கு, ஆனா மெதுவா. தி.நகரில்? 6.5-லிருந்து 15.3. இரண்டே கால் மடங்கு! பத்து வருஷத்தில் ஏழைங்க நடுத்தரவர்க்கத்தைப் பிடிச்சுட்டாங்க, சம்பளத்தில் இல்லை, சர்க்கரையில். ரத்தக்கொதிப்பும் அதே கதைதான்.

பார்க் ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல வரலை. வேலை மாறிச்சு, சாப்பாடு மாறிச்சு, ரேஷன் அரிசியும் பாமாயிலும் டிவியும் வந்துச்சு, எல்லாம் இருக்கு. ஆனா ஒரு காலனிகிட்ட பார்க் கட்டக் காசும் இடமும் இருந்தது, இன்னொண்ணுகிட்ட இல்லை. தி.நகரின் அந்த மாதிரி குடியிருப்புகளை நீங்க பார்த்திருப்பீங்க. இரண்டு பேர் எதிரெதிரே வந்தா ஒருத்தர் திரும்பி நிக்கணும். அங்கே யார் எங்கே பார்க் கட்டறது? வாசலுக்கு வெளியே இருக்கற ரோடுதான் அவங்க பார்க், நடைபாதைதான் அவங்க வாக்கிங் டிராக். அதைத்தான் நாம காரை ஏத்தி மூடி வெச்சிருக்கோம்.

எங்க வீட்டில் வேலை செய்யற அக்காவைப் பாருங்க. வயசு 46. சாந்தோம் பக்கத்திலிருந்து நடந்தே வர்றாங்க, நாலு வீட்டு வேலை, நாலு வீட்டுப் படிக்கட்டு. மாமாவின் வாட்சை அவங்க கையில் கட்டினா மத்தியானத்துக்குள்ள அது சார்ஜ் போய் செத்துடும். போன வருஷம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்தவங்க பி.பி. பார்த்தப்ப 170-க்கு 100. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியலை, லேசா தலைவலின்னு இருந்திருக்காங்க. இப்ப மாத்திரை வீட்டுக்கே வருது. 2021 ஆகஸ்டில் தொடங்கின திட்டம் அது. எந்தக் கட்சியைப் பிடிக்கும் பிடிக்காதுங்கறதைத் தள்ளி வெச்சுட்டுச் சொல்றேன், இதயத்தைக் காப்பாத்தற காரியம்னா இதுதான். அந்த அக்காகிட்ட போய் "நீங்க வாக்கிங் போங்க"ன்னு சொல்ற தைரியம் யாருக்காவது இருக்கா? அவங்க ராத்திரி தூங்கறது அஞ்சு மணி நேரம். மதியம் சாப்பிடறது நாலு வீட்டில் மிஞ்சின குழம்பும் ஊறுகாயும்.

ஊறுகாய்னதும் ஞாபகம் வருது. பார்க்கில் நாலு ரவுண்டு முடிச்சதும் நம்மாட்கள் போற இடம் ஹோட்டல். பொங்கல்-வடை, ஃபில்டர் காபி. "நாலு கிலோமீட்டர் நடந்திருக்கோம்ல"ன்னு நியாயம் வேற. அரை மணி நடையில் எரியறது நூத்தி ஐம்பது கலோரி சொச்சம், நெய்ப் பொங்கல் அதை முதல் அஞ்சு கவளத்திலேயே வட்டியோட திருப்பிக் கொடுத்துடும். "நாங்க சுத்த சைவம், கொழுப்பே கிடையாது"ன்னு ஒரு பெருமை உண்டு எங்க ஏரியாவில். சைவம் சார், சரி. மாவடு? மோர்மிளகாய்? அப்பளம்? வத்தல்? மூணு வேளை வெள்ளை அரிசி? உப்புக்கு சைவமா அசைவமான்னு தெரியாது. அப்பாவும் சுத்த சைவம்தான், ஸ்டெண்டும் சுத்த சைவமாத்தான் உள்ளே உட்கார்ந்திருக்கு. எங்க வீட்டில் இப்ப அப்பளம் சுட்டதுதான், வாரத்தில் ஒரு நாள். ஊறுகாய் ஜாடி பரண் மேல. அம்மா இன்னும் என்னை மன்னிக்கலை.

*

நடைபாதைக்குத் திரும்புவோம், வயித்தெரிச்சல் இன்னும் தீரலை.

இந்திய சாலை காங்கிரஸ்னு ஒரு அமைப்பு. (கட்சி இல்லைங்க.) ரோடு எப்படிப் போடணும்னு விதிமுறை எழுதறவங்க. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைஞ்சது 1.8 மீட்டர் இருக்கணும்னு 2012-ல் எழுதி வெச்சாங்க. இரண்டு சக்கர நாற்காலி எதிரெதிரே வந்தா ஒதுங்கிப் போற அளவு. 2014-ல் சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே முதல்முறையா, நடக்கறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும்னு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதமாவது இதுக்குத்தான்னு அதில் போட்டிருந்தது. படிச்சுட்டுக் கண்ணில் ஜலம் வந்தது, அவ்வளவு நல்லா எழுதியிருந்தாங்க. எழுதறதில் நாம என்னிக்குமே கெட்டிக்காரங்க.

செய்யவே இல்லைன்னு சொன்னா பாவம். 2019 நவம்பரில் பாண்டி பஜாரை அகல நடைபாதையோட திறந்தாங்க. திறந்த புதுசில் அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். பனகல் பார்க்கிலிருந்து ஆரம்பிச்சு கையைப் பிடிக்காம, கீழே பார்க்காம, கடை கண்ணாடியை வேடிக்கை பார்த்துக்கிட்டே நடந்தார். நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கொய்யாப்பழம். வீட்டுக்கு வந்து பார்த்தா இரண்டு கிலோமீட்டருக்கு மேல. "வாக்கிங் போனோமா என்ன?"ன்னு கேட்டார்! இதுதான் சார் நான் சொல்றது. நடந்ததே தெரியாம நடக்கணும். 2023 மே மாசம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் ஆகாய நடைமேடை வந்தது. ரங்கநாதன் தெருவில் இடிபடாம மூட்டை முடிச்சோட போறவங்களைப் பார்த்தா சந்தோஷமா இருக்கு.

ஆனா அதே 2023 நவம்பரில் வந்த 'நடப்போம் நலம் பெறுவோம்' மேல எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை. சென்னையில் பெசன்ட் நகர் பக்கம். நல்ல காரியம், மரமெல்லாம் இருக்கு, கடல் காத்து. போய் வாங்க. ஆனா அங்கே போக? மயிலாப்பூர்க்காரன் வண்டியில்தான் போகணும். ஒரு மாவட்டத்துக்கு ஒரு நல்ல நடைபாதைங்கறது, ஒரு ஊருக்கு ஒரு குடிதண்ணிக் குழாய் மாதிரி. இருக்கறவன் வண்டி வெச்சுப் பிடிச்சுட்டு வருவான். என் வாசலிலிருந்து தண்ணீர்த்துறை மார்க்கெட் வரைக்கும் 1.8 மீட்டர் கொடுங்க, நான் கடல் காத்தைக் கேட்கவே மாட்டேன்.

சரி, கவர்மெண்டைத் திட்டியாச்சு. கை தட்டினவங்க கொஞ்சம் நிறுத்துங்க. இப்ப நம்ம முறை.

கீரைக்கட்டு விழுந்த அன்னிக்கே இன்ச் டேப்பை எடுத்துக்கிட்டு எங்க தெருவில் இறங்கினேன். ஒரு பக்கம் மட்டும், 140 மீட்டர் நீளம். ஈ.பி. பெட்டி ஒண்ணு, ஒரு குட்டிப் பிள்ளையார், ஒரு இஸ்திரி வண்டி, ஒரு டீக்கடை. "இவங்கதானே ஆக்கிரமிப்பு"ன்னு நாம பேப்பருக்கு லெட்டர் போடுவோம். இந்த நாலும் சேர்ந்து அடைச்சுக்கிட்டது 11 மீட்டர். மிச்சம்? ஒவ்வொரு ஃப்ளாட்ஸ் வாசலிலும் கார் ஏற சிமெண்ட் சாய்வு, நடைபாதையை முழுங்கி ரோடு வரைக்கும். ஒன்பது. அதுக்குப் பக்கத்தில் "அழகுக்கு" கம்பி வேலி போட்டு க்ரோட்டன்ஸ் செடி. ஆறு. "நோ பார்க்கிங்" பலகையைத் தாங்கி நிற்கிற மணல் நிரப்பின டின். ஏழு. நின்னுகிட்டிருந்த கார் அஞ்சு, பைக் எண்ணலை. எல்லாம் சேர்த்து 74 மீட்டர். இஸ்திரி போடறவர் திருடினதைவிட ஆறேழு மடங்கு நாம, தமிழ்ப் பதிவு படிக்கற, தினம் ஆயிரம் அடி பத்தாயிரம் அடின்னு எண்ணற நாம திருடியிருக்கோம். எங்க ஃப்ளாட்ஸ் வாசலில் நடைபாதையோட தடையில்லாத அகலம் எவ்வளவு தெரியுமா? 55 சென்டிமீட்டர். அப்பா அதில் குறுக்குவாட்டில்தான் நடக்க முடியும், நண்டு மாதிரி.

அசோசியேஷன் மீட்டிங்கில் இதைச் சொன்னேன். சாய்வை கேட்டுக்கு உள்ளே தள்ளிடலாம், செடியை மாடிக்கு எடுத்துட்டுப் போகலாம், செலவு ஒரு வீட்டுக்கு நாலாயிரம் சொச்சம் ஆகும்னு கொத்தனாரையும் கேட்டு வெச்சிருந்தேன். கார் அடி தட்டும்னார் ஒருத்தர். மழைத்தண்ணி உள்ளே வரும்னார் இன்னொருத்தர். நடைபாதை காலியா இருந்தா பைக்காரன் ஏறி ஓட்டுவான்னார் மூணாவது ஆள். (இதில் நியாயம் உண்டு, ஒத்துக்கறேன். அதுக்கு நடுவில் இரண்டு குட்டைக் கல் தூண் நட்டா போதும்.) இரண்டாவது மாடி மாமா எழுந்து, "இந்த ரோட்டில் யாருப்பா நடக்கறா? எல்லாரும் பார்க்குக்குத்தானே போறா!"ன்னார்.

பன்னிரண்டு வீட்டில் எனக்கு ஆதரவா மூணு ஓட்டு. அதில் ஒண்ணு என்னுது. தீர்மானம் அவுட்.

ஆனாலும் ஒரு சின்ன விஷயம் நடந்தது. மீட்டிங் முடிஞ்சு இரண்டு நாள் கழிச்சு, மூணாவது ஓட்டுப் போட்ட முதல் மாடி அம்மா ராத்திரியோட ராத்திரியா தன் பக்கத்து க்ரோட்டன்ஸ் தொட்டியை எல்லாம் மொட்டை மாடிக்கு ஏத்திட்டாங்க. கேட்டதுக்கு "என் முட்டிக்கும்தான் சார் நடக்க இடம் வேணும்"னாங்க. 55 சென்டிமீட்டர் அந்த இடத்தில் இப்ப 1 மீட்டர் 10.

நேத்து காலைல அப்பாவைக் கீழே கூட்டிட்டு வந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான். அந்த 1 மீட்டர் 10-ல் முன்னும் பின்னுமா நடந்தார். தெரு முனைக்குப் போகலாமான்னு கேட்டேன். முனையில் நின்ன காரைப் பார்த்துட்டு, "நாளைக்குப் பார்ப்போம்"னார்.

பி.கு. 1: நான் டாக்டர் இல்லை. மாத்திரை, உப்பு, பி.பி. சந்தேகமெல்லாம் உங்க டாக்டர்கிட்ட. நடைபாதை சந்தேகம்னா என்கிட்ட.

பி.கு. 2: பதிவர்கள் யாராவது அடையாறு, தி.நகர் பக்கம் உங்க தெருவை அளந்தா பதிவு போட்டுச் சுட்டி கொடுங்க. உங்க வாசல் சாய்வையும் சேர்த்து அளக்கணும், அதான் ஒரே கண்டிஷன். இன்ச் டேப் இல்லாதவங்க என்னுதை வந்து வாங்கிக்கலாம். நடந்து வந்தா காபி உண்டு. சர்க்கரை கம்மி.

பி.கு. 3: மாமா, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். அடுத்த மீட்டிங் இரண்டாவது ஞாயிறு, பத்து மணி. தீர்மானத்தை மறுபடி கொண்டு வர்றேன்.